அந்த நோட்டைத் திறந்தவள் நான்

தம்பி,

இந்த வெள்ளிக்கிழமைக்குள் அந்த வேலைக்கு வரமுடியாது என்று எழுதிப் போட்டுவிடப்போவதாகப் போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். எழுதுவதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடு. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே ஒரு கேள்வி கேட்பாய், நான் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிடுவேன். இரண்டு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். அதனால் தாளில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறேன். இது உனக்கு மட்டுமான கடிதமும் அல்ல. உன் ஆசிரியர் படிக்கலாம், நம் கும்மிக் குழுவில் எவர் வேண்டுமானாலும் படிக்கலாம். மறைத்து வைத்ததால் வந்த கேடு போதும்.

"ஒரு கிராமத்துக் குழுவையே உடைச்சவன்மா நான். என்னைய நம்பி ஒரு கலைக்கூடத்தையே குடுக்குறாங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் உக்கார்றது?" என்று கேட்டாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ உடைக்கவில்லை தம்பி. உன் நோட்டைத் திறந்து பார்த்தவள் நான். நீ கேட்ட அன்று இல்லை என்று பொய் சொன்னவளும் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ என்ன படிக்கிறாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. உன் அய்யா, கண்மாய்க் கரையில் கேட்டவர்களிடம் ஏதோ மானேசர் படிப்பு என்று சொல்லிச் சமாளித்தார். நீதான் ஒரு நாள், களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து புரிகிற மாதிரி சொன்னாய். ஆடுகிறவர்களும் பாடுகிறவர்களும் இருந்துவிட்டால் மட்டும் ஒரு குழு நிற்காது. யார் முடிவெடுக்கிறார்கள், யார் பேச்சு எடுபடுகிறது, வந்தவர்கள் ஏன் விட்டுப் போகிறார்கள் என்று பார்க்கவும் ஆள் வேண்டும் என்றாய். அதை ஊகத்தில் செய்யக் கூடாது, ஒவ்வொருவராக விசாரித்துச் செய்ய வேண்டும். விசாரித்ததை ஏட்டில் எழுதி வைத்துவிட்டுப் போய்விடவும் கூடாது. அந்தக் குழுவிலேயே ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, பலித்ததா இல்லையா என்று எழுத வேண்டும். அதுதான் எங்களுக்குப் பயிற்சி என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமையோடு நிறுத்தியிருக்கலாம்.

உச்சிப்புளிப் பக்கம் ஒரு நாடகக் குழுவில் அந்த ஆய்வைச் செய்யத்தான் நீ முதலில் பேசி வைத்திருந்தாய். நான்தான் விடவில்லை. முளைப்பாரிக்குக் கும்மியடித்துக்கொண்டிருந்த பெண்களைச் சேர்த்து, பதிவு செய்து, ஒரே நிறத்தில் சேலை எடுத்துக் கொடுத்து, இராமேஸ்வரம் வரைக்கும் மேடையேற்றியவள் நான். அந்தக் குழுவை விட்டுவிட்டு என் மகன் எங்கேயோ போய் ஆராய்வதா என்று எனக்குக் கோபம். நீ பொறுமையாகத்தான் சொன்னாய்.

"அம்மா, நீ தலைவி. நான் ஒம் மகன். அதுல பாதிப்பேரு நம்ம வயல்ல வேலை பாக்குறவுக. எவ என்கிட்ட உண்மையச் சொல்லுவா?"

"நான் அவளுகளுக்கு என்ன குறை வச்சேன்? போய்க் கேட்டுப் பாருலே. மனசாரச் சொல்லுவாளுக. ஊரான் குழுவுக்கெல்லாம் செய்வ, பெத்தவ குழுவுக்குச் செய்ய மாட்டியாக்கும்" என்று இரண்டு நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். உன் ஆசிரியரும் தயங்கினார் என்று எனக்குத் தெரியும். கடைசியில் எனக்காகத்தான் ஒத்துக்கொண்டாய். நான் என்ன எதிர்பார்த்தேன் என்பதை இப்போது மறைக்காமல் சொல்கிறேன். என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை அச்சில் வரும் என்று எதிர்பார்த்தேன். நீ போகிற இடத்திலும் என்னைப் போல ஒருவர் இருப்பார், தம்பி. எங்கள் அமைப்பை ஆராய்ந்து பாருங்கள் என்று தானாகவே முன்வந்து கேட்பார். அவருக்கு வேண்டியது பதிலா, பாராட்டா என்பதை முதலில் தெரிந்துகொண்டு அப்புறம் காகிதத்தை எடு.

நீ சரியாகத்தான் செய்தாய். ஒருத்தியைக்கூட நம் வீட்டு வாசலில் வைத்துக் கேட்கவில்லை. ரேஷன் கடை வரிசையில், கண்மாய் மடையில், அவரவர் வீட்டில் என்று தேடிப்போய்ப் பேசினாய். யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது, பெயருக்குப் பதிலாக எண்தான் போடுவேன் என்று ஒவ்வொருத்தியிடமும் வாக்குக் கொடுத்தாய். நான்தான் நிலைகொள்ளாமல் அலைந்தேன். ஒரு நாள் மடையில் நீயும் ராக்குவும் பேசிக்கொண்டிருந்தபோது சொம்பில் காப்பியோடு வந்து நின்றேன். ராக்கு பேச்சை அப்படியே நிறுத்தினாள். நீ என்னைப் பார்த்து, "அம்மா, நீ வீட்டுக்குப் போ" என்றாய். பலர் பார்க்க என் மகன் என்னை விரட்டுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியதே தவிர, நீ யாரைக் காப்பாற்றுகிறாய் என்று தோன்றவில்லை. ராக்குவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குழுவில் அவள் எடுத்துப் பாடுவாள், நாங்கள் வாங்கிப் பாடுவோம். குழு அழைக்கப்பட்டதே அவள் குரலுக்காகத்தான். எங்கள் வயலில் களையெடுக்கவும் மிளகாய்ப் பழம் பறிக்கவும் முதலில் வருகிறவளும் அவள்தான்.

அந்த வாரம் சாப்பிடும்போது நீ தலைநிமிராமல் சாப்பிட்டாய். "என்னடா சொன்னாளுக?" என்று கேட்டால், "முடிச்சதும் எல்லாருக்கும் சேத்துச் சொல்றேம்மா" என்பாய். அந்த ஒரு வரி என்னை அரித்தது. ஒரு மத்தியானம் ஜெராக்ஸ் எடுக்க நீ ஆர்.எஸ்.மங்கலம் போனாய். உன் பை கட்டிலில் கிடந்தது. பச்சை அட்டை நோட்டில் அவர்கள் சொன்னது எண் எண்ணாக இருந்தது. சின்ன டைரியில் எந்த எண் யார் என்று இருந்தது. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாலாம் எண்ணுக்குக் கீழே உன் கையெழுத்தில் இப்படி இருந்தது: "பாட்டு எங்களது, மேடை அவுகளது. முன்னுக்க நில்லுன்னா நிக்கணும், பின்னுக்க போன்னா போகணும். எந்த ஊருக்குப் போறோம்னு வேன்ல ஏறுன பெறகுதான் தெரியும். மாட்டேன்னு சொல்லிப்பிட்டா மறுநாள் களையெடுக்கக் கூப்பிட மாட்டாகளோன்னு பயம்." டைரியில் நாலுக்கு நேராக ராக்கு என்று இருந்தது.

குற்றம் செய்கிறோமே என்று தோன்றவில்லை. என்னையா இப்படிச் சொன்னாள் என்ற ஆத்திரம். மற்ற எண்களிலும் ஏறக்குறைய அதையேதான் வேறு வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. எல்லோரும் சொன்னதை ஒருத்தி சொன்னதாக எடுத்துக்கொண்டு அவளைப் பிடித்துக்கொண்டேன். அப்படிச் செய்தால் அது அவள் குணக்கேடாக ஆகிவிடுகிறது, என் தப்பு இல்லாமல் போய்விடுகிறது, பார்.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஏழாவது படித்தபோது, பள்ளியில் குறை எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தார்கள். பெயர் போட வேண்டாம் என்றார்கள். ஒரு வாத்தியார் அடிப்பதைப் பற்றி நீ எழுதிப் போட்டாய். கையெழுத்தை வைத்து உன்னைக் கண்டுபிடித்து வெயிலில் முட்டி போட வைத்தார்கள். நான் வயலில் இருந்து அப்படியே சேற்றுக் காலோடு பள்ளிக்கு ஓடினேன். "பேரு போடாம எழுதச் சொல்லிப்பிட்டு கையெழுத்த வச்சுக் கண்டுபிடிப்பீகளோ? இதுக்கு நேரா அடிச்சிருக்கலாமே!" என்று தலைமை ஆசிரியரின் மேசையைத் தட்டிக் கத்தினேன். அப்படிக் கத்திய நான்தான் உன் டைரியையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அது நினைவுக்கே வரவில்லை. இப்போது தினமும் வருகிறது.

நோட்டைப் பார்த்த அந்த வாரக் கடைசியில் இராமேஸ்வரத்தில் மாலை நிகழ்ச்சி. வேன் நம் வாசலில் நின்றது. ராக்கு புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஏறுவதற்காகப் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். "ஒனக்குத் தொண்டை கட்டியிருக்குல்ல, இந்தத் தடவை வேணாம், இரு" என்றேன். அவளுக்குத் தொண்டை கட்டவில்லை என்று அந்த வேனில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவள் படியில் இருந்து காலை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். நீ டிரைவர் பக்கத்து இருக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தாய். எப்போதும் பாம்பன் பாலத்தில் ஏறியதும் கடலைப் பார்த்துக் குலவை போடுகிறவர்கள் அன்றைக்கு ஆளுக்கொரு பக்கம் வெறித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் நானே எடுத்துப் பாடினேன். வாங்கிப் பாட ஆள் இல்லாத மாதிரி இருந்தது. எல்லோரும் வாயை அசைத்தார்கள், கையைத் தட்டினார்கள், ஒருத்தி கண்ணும் என் பக்கம் வரவில்லை. பாதியிலேயே கூட்டம் எழுந்துபோனது. அதற்கும் நான் மைக்செட்காரனைத் திட்டினேன்.

அதோடு நிற்கவில்லை. மறுவாரம் களையெடுப்புக்கு எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு ராக்குவை மட்டும் விட்டேன். எதற்குப் பயப்படுவதாக அவள் உன்னிடம் சொன்னாளோ, அதை நானே அச்சு அசலாகச் செய்து காட்டினேன்.

அப்புறம் நடந்தது உன் தலையில் விடிந்தது. பாண்டியம்மாவும் இன்னும் மூன்று பேரும் வந்து உன்னை வாசலில் மறித்தார்கள். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தீகளே தம்பி, சொல்லிட்டீகளே! அவ பொழப்புல மண்ணப் போட்டுட்டீகளே!" என்று பாண்டியம்மா கேட்டபோது நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர்கள் போனதும் உள்ளே வந்தாய்.

"அம்மா, என் நோட்ட நீ பாத்தியா?"

"எனக்கு அதுதான் வேலையாக்கும்? மடையில நின்னு ஊரு கேக்கப் பேசுனியே, யாரு காதுல விழுந்துச்சோ" என்றேன்.

அவ்வளவுதான். அந்தப் பொய்யை நீ அப்படியே நம்பினாய். திறந்த வெளியில் வைத்து அவளைப் பேசவைத்தது உன் கவனக்குறைவு என்று முடிவு செய்துகொண்டாய். உன் ஆசிரியரிடம் போய், வாக்குக் கொடுத்தவர்களைக் காப்பாற்றத் தவறிவிட்டேன் என்று எழுதிக்கொடுத்து, அந்த ஆய்வையே கைவிட்டாய். வேறொன்று செய்து முடிக்க ஒரு வருடம் கூடுதலாக ஆனது. பாண்டியம்மாவோடு சேர்ந்து நாலு பேர் குழுவை விட்டு விலகினார்கள். நீ பொங்கலுக்கு மட்டும் வந்துவிட்டு மறுநாளே பஸ் ஏறினாய். உன் அய்யா அன்றைக்கே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "அவன் பைய நீ எடுத்தத நான் பாத்தேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்று இந்த வாரம்தான் சொன்னார். அவரையும் என் பொய்க்குக் காவல் வைத்திருந்திருக்கிறேன்.

திங்கள்கிழமை காலையில் ராக்கு வீட்டுக்குப் போனேன். இப்போது அவள் பக்கத்து ஊரில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போகிறாள். கிளம்புவதற்கு முன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. மகள் பை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறவரை காத்திருந்து சொன்னேன்.

"ராக்கு, அந்த நோட்ட நான்தான் எடுத்துப் பாத்தேன். எம் மகன் சொல்லல."

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"தம்பி சொல்லி உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நீங்க அன்னைக்கே என் வாசல்ல வந்து சத்தம் போட்டிருப்பீக. திருட்டுத்தனமாப் பாத்ததுனாலதான சத்தமில்லாமத் தள்ளி வச்சீக?"

"அப்ப அவன்கிட்ட ஏன் சொல்லல? அவன் தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு வருசமாச் சீரழியிறான்" என்றேன். அதைக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்றுகூட யோசிக்காமல் கேட்டேன்.

"நான் எப்படிச் சொல்ல? உங்க ஆத்தாதான் எடுத்துப் பாத்தாகன்னு ஒரு புள்ளைட்டப் போய்ச் சொல்லவா? நம்பலன்னா நான் பொய்க்காரி. நம்புனா உங்க வீடு ரெண்டாப் போகும். எது நடந்தாலும் இந்த ஊருல வேலை இல்லாமப் போறது எனக்குத்தான்."

தப்புத்தான், மன்னித்துவிடு என்றேன். அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இங்கன வந்து சொல்றது லேசு. இங்கன யாரும் இல்ல. அன்னைக்கு வேன்ல எல்லாரும் பாத்தாக" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போய், இதையெல்லாம் என் மகனுக்கு எழுதப்போகிறேன், உன் பெயரையும் நீ சொன்னதையும் எழுதலாமா என்று கேட்டேன். அவள் நின்று திரும்பினாள். "கேட்டுட்டுச் செய்றீகள்ல. எழுதுங்க" என்றாள். முன்பெல்லாம் அக்கா என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். பேசிய அத்தனை நேரத்தில் அந்த வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை.

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தேன். விலகிப் போனவர்களையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். ராக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். நோட்டைப் பார்த்தது, தொண்டை என்று பொய் சொன்னது, களையெடுப்புக்குக் கூப்பிடாதது, உன்னிடம் மறைத்தது, எல்லாம். பாண்டியம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "அடிப்பாவி, அந்தப் புள்ளைய வாசல்ல நிறுத்தி அந்தப் பேச்சுப் பேசுனனே! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ?" என்று அழுதுகொண்டே கத்தினாள். என்னை நீ என்று அவள் சொன்னது அதுதான் முதல் முறை. சொல்லட்டும் என்று நின்றேன்.

அப்புறம் அவர்கள் எடுத்த முடிவுகளைச் சொல்கிறேன். இனிமேல் பயிற்சி நம் வாசலில் இல்லை, பள்ளியில். எந்த ஊருக்குப் போவது, யார் எங்கே நிற்பது என்பதை மாதத்துக்கு மூன்று பேர் முறை வைத்துப் பேசி முடிவு செய்வார்கள். அந்த மூவரில் நான் இந்த வருடம் கிடையாது. வந்து ஆட வேண்டுமானால் ஆடலாம், அவர்கள் சொல்கிற இடத்தில். ராக்கு திரும்பி வரவில்லை. பாடுவேன், ஆனால் இப்போது இந்தக் குழுவில் இல்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உன்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பச்சை நோட்டில் தாங்கள் சொன்னதைத் தாங்களே உட்கார்ந்து படிக்க வேண்டுமாம், பெயர் இல்லாமல், எல்லோருடையதும். நீ வந்து படித்துக் காட்டுவாயா என்று கேட்டார்கள். உன் ஆய்வு செத்துப்போனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ செய்து பார்க்க நினைத்த மாற்றம் நேற்றுத்தான் தொடங்கியிருக்கிறது. பலிக்குமா என்று எனக்குத் தெரியாது.

வேலைக்குப் போ என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்கிற இடத்தில் நான் இல்லை. செய்யாத தப்பைக் காரணம் காட்டி வேண்டாம் என்று எழுதாதே, அவ்வளவுதான் கேட்கிறேன். போனால், உனக்குக் கீழே இருப்பவர்கள் வாய் திறக்காமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. மேடையும் கூலியும் ஒரே கையில் இருக்கிற இடத்தில் யாரும் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கை உன்னுடையதாக இருந்தால், கேட்பதற்கு வேறொரு ஆளை அனுப்பு. அவர் எழுதி வைத்திருப்பதை நீ தொடாதே. உனக்குக் கோபம் இருக்கும். இருக்க வேண்டும். எப்போது வருவாய் என்று நான் இதில் கேட்கவில்லை. குழுவுக்காக வந்தால் பள்ளிக்கு நேராகப் போ. நம் வீட்டுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

நேற்று நான் பேசி முடித்ததும் பாண்டியம்மா, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, நாங்க பேசணும்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். சன்னல் எனக்கு நேர் மேலே திறந்துதான் இருந்தது. நடுவில் யாரோ அழுகிற சத்தம் கேட்டது, என் பெயர் ஒரு தடவை கேட்டது. எழுந்து பள்ளி கேட்டுக்கு வெளியே, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நடந்துபோய் நின்றுகொண்டேன். முடிவுகளைச் சொல்ல வந்தபோது, உள்ளே யார் யார் என்ன பேசினார்கள் என்று பாண்டியம்மா தானாகவே சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்றேன். இன்னும் எனக்குத் தெரியாது.

உன் அம்மா